மூக்கில் கொஞ்சம் களிமண்

டெக்சாசில் மகள் வீட்டில் 6 மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன். "அமெரிக்கா எப்படி சார் இருந்தது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நயாகராவுக்கும் போகவில்லை, சுதந்திர தேவி சிலையையும் பார்க்கவில்லை. பெரும்பாலான நாட்கள் கார் ஷெட்டில் பேரனோடு உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

பேரனுக்கு 10 வயது. பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த ஒரு பெட்டி அலமாரியில் பிரிக்காமலே கிடந்தது. ராக்கெட் கிளைடர் கிட். மெல்லிய மரத்தகடுகள், ஒரு அட்டைக் குழாய், மரத்தில் கடைந்த கூம்பு, ஒரு கம்பிக் கொக்கி, ரப்பர் நாடா, ஒரு ரிப்பன், செய்முறைத் தாள். ராக்கெட்டாக மேலே போகும், கிளைடராக மிதந்து இறங்கும் என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது. அதைப் படித்தவுடன் எனக்குப் பழைய மாணவன் ஒருவன் ஞாபகம் வந்தான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த மரம். பால்சா என்று பேர். தென் அமெரிக்காவில், முக்கியமாக ஈக்வடாரில் விளைவது. கையில் எடுத்தால் எதையோ எடுத்த மாதிரியே இருக்காது. தஞ்சாவூர் நெட்டி வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நெட்டி அளவுக்கு மிருது இல்லை, ஆனால் நகத்தால் கீறினால் பள்ளம் விழும். 1947-ல் தோர் ஹையர்டால் என்ற நார்வேக்காரர் இந்தக் கட்டைகளைக் கயிற்றால் கட்டிக் கோன்-டிக்கி என்ற தெப்பம் செய்து, பெருவிலிருந்து பசிபிக் கடலில் 101 நாள் மிதந்து போனார். அந்தக் கட்டையின் சீவல்தான் இது என்று பேரனிடம் சொன்னேன். அவன் உடனே வாளித் தண்ணீரில் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தான். மிதந்தது. அந்தத் துண்டு வால் சுக்கான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் காயவைத்தோம்.

இது எப்படிப் பறக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நானும் செய்யும்போதுதான் கற்றுக்கொண்டேன்.

ராக்கெட் நேராக மேலே போக வேண்டுமென்றால் அதன் ஈர்ப்பு மையம் முன்னால் இருக்க வேண்டும், காற்று தள்ளும் பரப்பு பின்னால் இருக்க வேண்டும். தீபாவளி ராக்கெட்டில் மருந்துக் குழாய் மேலே, நீளக் குச்சி கீழே இருப்பது அதற்குத்தான். ஆனால் கிளைடர் மிதக்க வேண்டுமென்றால் ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட இறக்கைக்கு நேராக வர வேண்டும். மூக்கில் அவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு மிதக்க முடியாது, கல் மாதிரி குத்தும். அதாவது போகும்போது ஒரு இடத்தில் கனம் வேண்டும், வரும்போது அது அங்கே இருக்கக் கூடாது.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. மோட்டாரை ஒரு தனிக் கூட்டில் வைத்து, கிளைடரின் மூக்கின் மேல் சும்மா செருகி விடுகிறார்கள். ஒட்டுவதில்லை. மோட்டார் எரியும்போது கூடு முன்னோக்கித் தள்ளுவதால் செருகல் இறுகிக்கொள்ளும். எரிந்து முடிந்து 2 நொடி கழித்து, மோட்டாரின் மேல் முனையிலுள்ள சிறு மருந்து 'டப்' என்று வெடிக்கும். அது கூம்பை முன்னால் தள்ளும். அதே விசையில் கூடு பின்னால் உதைபட்டு, செருகலிலிருந்து கழன்று, ரிப்பனோடு தனியாக விழும். கனம் போன கிளைடர் தன்பாட்டுக்கு மிதக்கும். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். பலூனைத் தவிர வேறு எதையும் காட்டியதில்லை.

மோட்டார் கட்டைவிரல் பருமன், 7 சென்டிமீட்டர் நீளம். அழுத்திய கரிமருந்து, களிமண் வாய். மேலே 'பி4-2' என்று எழுதியிருக்கும். 'பி' என்பது மொத்த உந்தத்தின் அளவு. 'ஏ' என்றால் 2.5 நியூட்டன்-நொடி வரை, 'பி' 5 வரை, 'சி' 10 வரை, இப்படி எழுத்துக்கு எழுத்து இரட்டிப்பு. அடுத்த 4 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி 2 என்பது கடைசி வெடிப்புக்கு முன் காத்திருக்கும் நொடிகள். ஒரு கணக்குப் பாடமே அந்தச் சின்னக் குழாயின் மேல் இருக்கிறது. பேரனிடம், "அப்படின்னா எத்தனை நொடி எரியும்?" என்று கேட்டேன். 5-ஐ 4-ஆல் வகுத்து, "ஒண்ணே கால்" என்றான். கிட்டத்தட்ட சரிதான்.

இனி நான் செய்த தப்பு.

இறக்கையின் முன்விளிம்பை உருட்டையாகவும், பின்விளிம்பைக் கத்தி மாதிரி மெலிதாகவும் தேய்க்க வேண்டும். உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி, மரத்தின் நார் ஓட்டத்தோடு, ஒரே சீராக. பேரன் தேய்த்தான். ஒரு இடத்தில் பள்ளம், ஒரு இடத்தில் மேடு. "இங்க கொடு" என்று வாங்கினேன். "பாரு, இப்படி." பத்து தடவை தேய்த்துக் காட்டினேன். அழகாக வந்தது. சரி, இந்தப் பக்கத்தையும் முடித்துவிடலாம் என்று தோன்றியது. முடித்தேன். இன்னொரு இறக்கையையும் எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவன் அங்கே இல்லை. உள்ளே டேப்லெட்டில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

மகள் காபி கொண்டுவந்து வைத்தாள். "அப்பா, நீங்க எனக்கு கோலம் சொல்லிக் கொடுத்ததும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோலத்தைக்கூட நானா போட்டேன்? எனக்கு ஞாபகமில்லை. போட்டிருப்பேன்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்தது 1978-ல். 2 வருடமும் 'செய்து கற்றல்' என்பதைப் பரீட்சைக்குப் பரீட்சை பக்கம் பக்கமாக எழுதினவன்.

மறுநாள் அவனைக் கெஞ்சித்தான் கூட்டி வந்தேன். அவனுக்கென்று ஒரு வேலை இருந்தது: பசை. இரண்டு இறக்கைகளும் நடுவில் சேரும் இடத்தில் லேசாக 'வி' மாதிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தாலும் தானாக நிமிர்வதற்கு இந்தச் சாய்வுதான் காரணம். இரண்டு முனைகளுக்கும் அடியில் சம உயரத்துக்குப் புத்தகம் அடுக்கினோம். முதலில் மெலிதாகப் பசை தடவிக் காயவிட்டு, மேலே இன்னொரு தடவை தடவி ஒட்டினால் மரத்தைவிடப் பலமாகப் பிடிக்கும். இதை அவனே செய்தான். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் சமையலறைத் தராசில் வைத்தால், கூடு இல்லாமல் 24 கிராம். "தாத்தா, சிவப்பு பெயின்ட் அடிக்கலாமா?" என்றான். "வேண்டாம், கனம் ஏறும்" என்றேன். இன்னொரு காரியமும் செய்தேன். மூக்கில் கூடு செருகும் இடம் லொடலொடவென்று ஆடியது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு காகிதத் துண்டை உள்ளே ஒட்டி, சிக்கென்று உட்காரும்படி செய்தேன். நறுவிசான வேலை என்று நினைத்தேன்.

பின்கட்டுப் புல்தரையில் கையால் விட்டுப் பார்த்துச் சரி செய்ய வேண்டும். தோள் உயரத்தில் பிடித்து, காற்றை எதிர்த்து, முன்னே சற்றுத் தாழ்வாக மெல்ல விட வேண்டும். தலையைத் தூக்கி, நின்று, பிறகு குத்தி விழுந்தால் மூக்கு லேசு என்று அர்த்தம், துளி களிமண் வைக்க வேண்டும். நேராகக் குத்தினால் மூக்கு கனம், களிமண்ணை எடுக்க வேண்டும். கடுகளவு களிமண்ணுக்கு இவ்வளவு வித்தியாசமா என்று ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் சுக்கானின் ஓரத்தில் வாயால் சூடாக ஊதி, ஈரமான மரத்தை விரலால் ஒரு மயிரிழை வளைத்தோம். லேசாக வட்டமடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். முப்பது முறையாவது விட்டிருப்போம். விடுவது நான், ஓடி எடுப்பது அவன். பத்துக்குப் பிறகு அவன் விட்டான், நான் நடந்து எடுத்தேன்.

ஊருக்கு வெளியே ஒரு மேய்ச்சல் நிலத்தில், மாதம் ஒரு சனிக்கிழமை ராக்கெட் பிரியர்கள் கூடுகிறார்கள். செப்டம்பரில் மாப்பிள்ளை கூட்டிப் போனார். சுற்றிலும் மெஸ்கீட் மரங்கள். இலையையும் காயையும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, நம் ஊர் சீமைக் கருவேலத்தின் பங்காளி. இவ்வளவு தூரம் வந்தும் அது என்னை விடவில்லை.

ஏவுவதற்கு அங்கே கண்டிப்பான விதிகள். கம்பியில் கோத்து, ஒயரை இழுத்துக்கொண்டு 15 அடிக்கு அப்பால் நின்றுதான் பட்டனை அழுத்த வேண்டும். 5-லிருந்து உரக்க எண்ண வேண்டும். எரியாவிட்டால் சாவியைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிடம் யாரும் கிட்டே போகக் கூடாது. பேரன் தமிழில்தான் எண்ணினான். "அஞ்சு, நாலு, மூணு..." எரியவில்லை. பற்றவைக்கும் கம்பி மருந்தைத் தொடாமல் இருந்திருக்கிறது. ஒரு நிமிடம் காத்திருந்து, சரி செய்து, மறுபடி "அஞ்சு, நாலு..."

சீறிக்கொண்டு போனது பாருங்கள்! நான் எதிர்பார்த்த வேகமே இல்லை. கண் பின்தொடர்வதற்குள் உச்சிக்குப் போய்விட்டது. 'டப்' சத்தம் கேட்டது. ரிப்பன் விரிந்தது. ஆனால் கூடு முழுதாகக் கழலவில்லை. பாதி கழன்று, ரிப்பன் இறக்கையில் சுற்றிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து தட்டாமாலை சுற்றிக்கொண்டே விழுந்தன.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், வயது 75 இருக்கும், தொப்பியைத் தூக்கி, "ரெட் பேரன்" என்றார். முதல் உலகப்போரில் சிவப்பு விமானம் ஓட்டிய ஜெர்மானிய வீரரின் பட்டப்பெயர் அது. கூடும் கிளைடரும் சிக்கிக்கொண்டு விழுவதற்கு இந்த வட்டாரத்தில் அதுதான் பேர். உடைந்த துண்டுகளைத் தேடுவதற்கு 20 நிமிடம் ஆயிற்று. காய்ந்த புல்லின் நிறமும் பால்சாவின் நிறமும் ஒன்று. பெரியவர் கூட்டை வாங்கிச் செருகிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்து உதறினார். விழவில்லை. "யார் இதை இறுக்கியது?" என்றார். பேரன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாகரிகம் எனக்கு 10 வயதில் இருந்திருக்காது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இப்போது அந்த மாணவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1994, தீபாவளி முடிந்த வாரம். எட்டாம் வகுப்பு. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் பைக்குள் ஒரு ராக்கெட் வாணம் வைத்திருந்தான். காலண்டர் அட்டையை வெட்டி அதன் தலைப்பக்கம் இரண்டு இறக்கை ஒட்டியிருந்தான். பிடுங்கித் தண்ணீர் வாளியில் போட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை, இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். வெடிமருந்தில் பிள்ளைகள் கை வைக்கவே கூடாது. 1957-ல் ஸ்புட்னிக் போன பிறகு அமெரிக்கப் பையன்கள் வீட்டில் மருந்து கலந்து கையைக் கெடுத்துக்கொண்டார்கள். அதைத் தடுக்கத்தான் நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் உருவாக்கிய, ஆலையில் செய்த மோட்டாரையும், ஹாரி ஸ்டைன் போன்றவர்கள் எழுதிய விதிகளையும் அங்கே பரப்பினார்கள்.

ஆனால் நான் பிடுங்கியதோடு நிற்கவில்லை. கையில் இரண்டு அடி போட்டேன். "ராக்கெட்டுக்கு எதுக்குடா இறக்கை?" என்று கேட்டேன். "மேல போனதும் அது பறந்து வரும் சார்" என்றான். "அப்ப கண்டக்டரும் வேணுமே, டிக்கெட் கொடுக்க" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் அந்த வருடம் அதற்குப் பிறகு அறிவியல் வகுப்பில் வாயைத் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

கொலம்பியா விண்கலம் ராக்கெட்டாகப் போய் கிளைடராக இறங்கியது 1981 ஏப்ரலில். செய்தித்தாளில் படம் பார்த்திருக்கிறேன். 13 வருடம் கழித்து ஒரு பையன் அதையே காலண்டர் அட்டையில் செய்துகொண்டு வருகிறான், நான் டிக்கெட் ஜோக் அடிக்கிறேன்.

பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்து அவன் எண்ணை வாங்கினேன். ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பேசினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அடிச்சீங்களா? அது ஞாபகம் இல்ல சார். எல்லாரும்தான் அடிச்சாங்க" என்று சிரித்தான். "ஆனா அந்த இறக்கை ஞாபகம் இருக்கு. அது பறந்திருக்குமா சார்?"

"பறந்திருக்காதுப்பா. நீ தலைப்பக்கம் ஒட்டியிருந்தே. கரணம் அடிச்சிருக்கும். இறக்கை, கனத்துக்குப் பின்னால இருக்கணும்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"அன்னிக்கு எனக்கே தெரியாதுப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவன் பேரனைப் பற்றிக் கேட்டான், பால்சா மரம் என்ன விலை என்று கேட்டான், லேத்தில் கூம்பு கடைய முடியுமா என்று கேட்டான்.

உடைந்த இறக்கையைப் பேரன் ஒட்டினான். பால்சாவில் ஒரு நல்ல குணம், சுலபமாக உடையும், சுலபமாக ஒட்டும். காகிதத் துண்டைச் சுரண்டி எடுத்தோம். தலைகீழாகப் பிடித்தால் கூடு தானாக விழ வேண்டும், அதுவரை தேய்த்தான். பெயின்டுக்குப் பதில் மார்க்கர் பேனா. ஒரு இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பு, இன்னொன்று ஆரஞ்சு. தராசில் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் கண் வரைந்தான். அய்யனார் கோயில் குதிரைக் கண் மாதிரி இருந்தது.

அக்டோபரில் மறுபடி போனோம். முதல் தடவை உச்சியில் 'டப்', கூடு ஒரு பக்கம், கிளைடர் ஒரு பக்கம். சத்தமே இல்லாமல், கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறித் தெரிய, வட்டமடித்துக்கொண்டு வந்தது. என் கைக்கடிகாரத்தில் 31 நொடி. அந்தப் பெரியவர் கை தட்டினார். இரண்டாவது தடவை 43.

மூன்றாவது தடவை ஏறு வெயில், மணி பதினொன்றரை. தரை சூடாகி, கழுகு மாதிரி சிவப்புத் தலைப் பறவைகள் இறக்கையை அசைக்காமல் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே வெப்பக்காற்று எழும்புகிறது என்பது நமக்கும் தெரியும், பருந்தைப் பார்த்திருக்கிறோம். எங்கள் கிளைடர் அதற்குள் போய்விட்டது. இறங்கவில்லை. ஒவ்வொரு வட்டத்துக்கும் மேலே போனது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வட்டம் அப்படியே காற்றோடு நகர்ந்து மெஸ்கீட் மரங்களைத் தாண்டியது. பேரன் ஓடினான், பின்னால் மாப்பிள்ளை ஓடினார். நான் நின்ற இடத்திலேயே கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளியாகி, பிறகு அதுவும் தெரியவில்லை.

அரைமணி நேரம் கழித்து வந்தான். கையில் மோட்டார்க் கூடு மட்டும். முள் கீறிய முழங்கால். அழுவான் என்று ஆறுதல் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். "தாத்தா, அது இன்னும் இறங்கல!" என்று கத்திக்கொண்டே வந்தான்.

ஊரில் செய்ய அவனிடமே கேட்டு ஒரு கட்டு பால்சாத் தகடு வாங்கி வந்திருக்கிறேன். மோட்டார் கொண்டுவர முடியாது, பயணி விமானத்தில் அதற்கு அனுமதியில்லை. கையால் விடும் கிளைடர் போதும்.

மாப்பிள்ளை எடுத்த வீடியோவை அன்றைக்கே ஓசூருக்கு அனுப்பினேன். அங்கே நள்ளிரவு ஆகியிருக்கும். இருந்தும் பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"மூக்குல இன்னும் கொஞ்சம் களிமண் வெச்சிருந்தா இறங்கியிருக்கும் சார்."